"இதில சேஃப்டி இருக்கா?" கைத்துப்பாக்கி பற்றி ஓர் எளிய விளக்கம்

மலையகத்தில் துப்பாக்கி என்றால் அது எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன், இரண்டு பேருமே பொலிஸ் சூட்டில் விழுந்தவர்கள். அப்புறம் வந்த காலத்தில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது கண்ணுக்கு நேரே தொங்கிய ரி-56 ரைஃபிள். இப்படித் தள்ளி நின்று பார்த்த சாமான் இப்போது நம் பிள்ளைகளின் இடுப்புக்கும் வந்துவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து கொழும்புக்குச் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். வங்கி வாசலில் நிற்பவரிடம் பெரும்பாலும் 'பன்னிரண்டு போர்' (12-bore) என்கிற நீளத் துப்பாக்கிதான் இருக்கும். பணம் ஏற்றும் வண்டியோடு போகிறவருக்கும், யாராவது பெரிய ஆளுக்குக் காவலாகப் போகிறவருக்கும் கைத்துப்பாக்கி வந்து சேரலாம். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதில சேஃப்டி இருக்கா?" இருக்கு என்று பதில் வந்தால் மனம் ஆறிவிடும். இல்லை என்றால் பயம் வந்துவிடும். இரண்டுமே அவசரம். கண்ணுக்குத் தெரிகிற பொத்தான் ஒன்றுகூட இல்லாத துப்பாக்கிக்குள் மூன்று பூட்டு இருக்கலாம். பொத்தான் உள்ள துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கவும் கூடும். எந்தத் தவறைத் தடுக்கிற சேஃப்டி என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

நினைக்காத நேரத்தில் துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் மூன்று விதமாக நடக்கிறது. விரலோ வேறு ஏதாவதோ விசையில் (ட்ரிகரில்) பட்டு அதை இழுத்துவிடுகிறது. அல்லது துப்பாக்கி கைதவறி விழுந்து அந்த அடியில் வெடிக்கிறது. அல்லது உள்ளே ரவை (தோட்டா) இல்லை என்று நம்பி ஒருவர் தானாகவே விசையை இழுக்கிறார். ஒவ்வொரு ரகத் துப்பாக்கியும் இந்த மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் போதும், மற்றப் பெருமைகளை விளம்பரக்காரர்களிடம் விட்டுவிடலாம்.

முதலில் உள்ளே நடப்பது என்ன? ரவையின் அடிப்பக்க நடுவில் சின்ன உலோகக் கெப் ஒன்று இருக்கிறது. ஓர் ஊசி அதைப் பலமாகக் குத்தினால் உள்ளே தீ பற்றி, மருந்து எரிந்து, குண்டு முன்னால் பாய்கிறது. ஊசிக்கு அந்தப் பலத்தைக் கொடுப்பது ஒரு ஸ்பிரிங். சில துப்பாக்கிகளில் ஸ்பிரிங் ஒரு சுத்தியலைத் தள்ளும், சுத்தியல் ஊசியை அடிக்கும். வேறு சிலவற்றில் சுத்தியலே கிடையாது, ஸ்பிரிங் ஊசியை நேராகத் தள்ளும். கெட்டபோலை, அதாவது உண்டிவில்லை, நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தளர்ந்து தொங்குகிறதா, பாதி இழுபட்டிருக்கிறதா, முழுக்க இழுத்துப் பிடித்திருக்கிறதா? இடுப்பில் இருக்கும்போது ஸ்பிரிங் இந்த மூன்றில் எந்த நிலையில் காத்திருக்கிறது என்பதுதான் கைத்துப்பாக்கி ரகங்களுக்கிடையில் உள்ள முதல் வித்தியாசம். மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

ரப்பர் தளர்ந்து தொங்குவது ரிவோல்வரில். ஐந்தோ ஆறோ ரவை போடும் உருளை நடுவில் இருக்கும். விசையை இழுக்க இழுக்க உருளை ஓர் அறை திரும்பும், சுத்தியல் பின்னால் போகும், கடைசியில் விழுந்து அடிக்கும். இத்தனை வேலையையும் விரலே செய்ய வேண்டியிருப்பதால் இழுவை கனமாக இருக்கும், சுமார் 5 கிலோ. பதற்றத்தில் விரல் தெரியாமல் அவ்வளவு தூரம் போவது கஷ்டம். அதனால்தான் பெரும்பாலான ரிவோல்வர்களில் வெளியே சேஃப்டிப் பொத்தான் இல்லை, தேவைப்படவும் இல்லை.

ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டால் விசைக்கு மிச்சமிருக்கும் இழுவை ஒன்றரை, இரண்டு கிலோதான். படத்தில் கதாநாயகன் 'டிக்' என்று செய்வது இதைத்தான். குறிபார்த்துச் சுடும் மைதானத்துக்கு அது சரி. ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டு, கை நடுங்க நிற்கிற காவலாளிக்கு அது பெரிய ஆபத்து. அமெரிக்காவில் சில பொலிஸ் படைகள் தங்கள் ரிவோல்வர்களில் இப்படி இழுத்து நிறுத்தவே முடியாதபடி மாற்றி வைத்திருந்தன. நல்ல முடிவு.

சரி, ரிவோல்வர் கீழே விழுந்தால்? இங்கேதான் பழையதும் புதியதும் பிரிகின்றன. 1873இல் வந்த கோல்ட் ரிவோல்வரில் ஆறு அறை இருந்தும், தெரிந்தவர்கள் ஐந்து ரவைதான் போடுவார்கள். சுத்தியலின் நுனி நேராக ரவையின் கெப் மேல் படுத்திருந்ததால், முதுகுப் பக்கமாக விழுந்தால் சுத்தியலில் படும் அடியே போதும், வெடித்துவிடும். ஆகவே சுத்தியலுக்கு நேரே இருக்கும் அறையைக் காலியாக விடுவது வழக்கம். இரண்டாம் உலகப் போர் முடியப் போகிற நேரத்தில், ஸ்மித் அன்ட் வெசன் ரிவோல்வர் ஒன்று கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதற்கப்புறம் சுத்தியலுக்கும் ரவைக்கும் நடுவே நிற்கும் உலோகத் தடையைக் கம்பெனி மாற்றி அமைத்தது. இன்னொரு வழியும் உண்டு. சுத்தியல் ஊசியை எட்டவே எட்டாது. விசையை முழுக்க இழுத்தால் மட்டும் ஒரு பட்டை மேலே எழும்பி, சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். ஐவர் ஜோன்சன் என்ற கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை விற்றது. ரவை போட்ட ரிவோல்வரின் சுத்தியலை வேறொரு சுத்தியலால் அடிப்பது போலப் படம் போட்டு விளம்பரம் செய்தார்கள், துணிச்சல்தான். ரூகர் கம்பெனி தன் கௌபோய் மாதிரி ரிவோல்வர்களுக்கு அதே பட்டையைக் கொண்டு வந்தது 1973இல். ஆகவே பழைய ரிவோல்வர் ஒன்று கைக்கு வந்தால் விசாரிக்க வேண்டியது சேஃப்டிப் பொத்தானை அல்ல, உள்ளே இந்தத் தடையோ பட்டையோ இருக்கிறதா என்பதை.

அடுத்தது பிஸ்டல். ரவைகள் கைப்பிடிக்குள் செருகும் மெகசினில், அதாவது ரவைக்கூட்டில் இருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால் முதல் ரவை குழாயின் பின்பக்க அறைக்குள், சேம்பருக்குள், போய் உட்காரும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்லைட் தானே பின்னால் போய் வெற்றுக்கோதை எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றும். சுட்ட வெடியின் பலத்திலேயே அடுத்த வெடிக்கு எல்லாம் தயார். வசதியும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

1911இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் பிஸ்டல், ஜோன் பிரவுனிங் வடிவமைத்தது, ரப்பரை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும் ரகம். சுத்தியல் முழுதாகப் பின்னால் நிற்க, கட்டைவிரல் சேஃப்டி போட்டுத்தான் இடுப்பில் வைப்பார்கள். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் கைப்பிடியின் பின்புறத்தில் இன்னொரு சேஃப்டி இருக்கிறது. உள்ளங்கை அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் விசை வேலை செய்யும். பழகிய கைக்கு அருமையான சாமான். பழகாத கைக்கு விசையின் லேசான இழுவையே எமன்.

ரப்பரைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பிஸ்டலின் வசதியையும் எடுக்கலாமே என்று வந்தது அடுத்த வகை. 1929இல் வந்த ஜெர்மன் வால்தர் பீபீ, சோவியத் படை 1951இல் எடுத்த மக்காரோவ், 1985இல் அமெரிக்க இராணுவம் தெரிந்தெடுத்த இத்தாலியப் பெரெட்டா எல்லாம் இந்த வம்சம். முதல் சூட்டுக்கு ரிவோல்வர் போலக் கனமான நீண்ட இழுவை. முதல் சூட்டுக்கப்புறம் ஸ்லைட் சுத்தியலைப் பின்னால் நிறுத்திவிடுவதால் மற்றச் சூடுகளுக்கு லேசான இழுவை. சுட்டு முடித்தால் ஒரு நெம்பை அசைத்துச் சுத்தியலை வெடிக்காமல் இறக்கி வைக்கலாம். அந்த நெம்பை மறந்துவிட்டு, லேசான விசையோடு துப்பாக்கியை உறைக்குள் தள்ளுவதுதான் இந்த வகையின் பலவீனம். முக்கால் பயிற்சியும் அந்த ஒரு பழக்கத்துக்கே போக வேண்டும்.

நெம்பு எந்தப் பக்கம் போனால் சேஃப்டி என்பதிலும் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கோல்ட் 1911இல் நெம்பு மேலே இருந்தால் சேஃப்டி, கீழே தட்டினால் சுடும். மக்காரோவிலும் மேலேதான் சேஃப்டி. பெரெட்டாவிலும் வால்தரிலும் நேர்மாறு: கீழே இறக்கினால் சேஃப்டி, மேலே தள்ளினால் சுடும். ஒரு கம்பெனியில் மக்காரோவோடு பழகிய ஆள் அடுத்த கம்பெனியில் பெரெட்டாவை வாங்கினால் என்ன ஆகும்? விரல் பழைய பழக்கத்தில் மேலே தள்ளும். சேஃப்டி போட்டாயிற்று என்று நினைத்திருப்பார், துப்பாக்கியோ சுடத் தயாராக இருக்கும். வேலை மாறும்போது துப்பாக்கி மாறினால் முதல் நாளே ரவை இல்லாமல் கையில் வைத்து இந்த நெம்பைப் பழக நேரம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

இவற்றோடு சோவியத் டொக்கரேவையும் சொல்லிவிடலாம். அசல் வடிவத்தில் அதற்குக் கை சேஃப்டியே கிடையாது, சுத்தியலைப் பாதியில் நிறுத்தும் ஒரு வெட்டு மட்டும்தான். சேம்பரைக் காலியாக வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டிய துப்பாக்கி அது.

இன்று உலகம் முழுக்கப் பொலிஸ் இடுப்பில் அதிகம் காண்பது க்ளொக்கும் அதன் வழி வந்தவையும்தான். ஆஸ்திரியாவில் கஸ்டன் க்ளொக் செய்து, அந்த நாட்டு இராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்ட க்ளொக் 17, பிளாஸ்டிக் உடம்போடு வந்தது. வெளியே சுத்தியலும் இல்லை, நெம்பும் இல்லை. இதில் ரப்பர் பாதி இழுபட்டிருக்கும், மீதியை விசை இழுத்து முடிக்கும். இழுவை சுமார் 2.5 கிலோ, முதல் சூட்டுக்கும் கடைசிச் சூட்டுக்கும் ஒரே அளவு. உள்ளே மூன்று பூட்டு. விசையின் நடுவே ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை அசையும். ஊசியின் வழியில் ஒரு குமிழ் நின்று தடுக்கும், விசை முழுதாக வரும்போதுதான் விலகும். மூன்றாவது, ஊசியைப் பிடித்திருக்கும் துண்டு தானாக நழுவி இறங்க முடியாதபடி ஒரு தடம். மூன்றுமே, துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்கு. விசையை எது இழுத்தாலும், விரலானாலும் துணியானாலும், மூன்றும் ஒன்றாகத் திறந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் "மூன்று சேஃப்டி உள்ள துப்பாக்கி" என்று நம்பி இடுப்பில் செருகுவதுதான் பிழை.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், மழைக்காலத்தில் தோட்டத்துப் படிக்கட்டில் இறங்கியவர்களுக்கு வழுக்கல் புதிதல்லவே. துப்பாக்கி வாய் கீழாக விழுந்து சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் ஊசி நிற்காமல் முன்னால் போகப் பார்க்கும். தடுக்கும் குமிழ் இல்லாவிட்டால் கெப்பைக் குத்திவிடலாம். பழைய கோல்ட் பிஸ்டல்களில் இந்தப் பயம் உண்டு, 1980களில்தான் கோல்ட் ஊசித் தடையைச் சேர்த்தது. 2017இல் வேறு விதமான பாடம் ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இராணுவம் சிக் சவர் பீ320 ரகத்தைத் தெரிந்தெடுத்தது. ஆகஸ்டில், அதே ரகத்தில் பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கி, முதுகுப் பக்கம் சரிவாக விழுந்தால் சில வேளை வெடிக்கிறது என்று வெளியே வந்தது. துப்பாக்கி நின்ற பிறகும் விசை தன் கனத்திலேயே பின்னால் நகர்ந்துவிட்டது, அதாவது விரலே இல்லாமல் விசை இழுபட்டுவிட்டது. கம்பெனி கனம் குறைந்த விசை முதலிய மாற்றங்களை இலவசமாகச் செய்து கொடுத்தது. க்ளொக் விசையிலுள்ள சின்ன நாக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கலிபோர்னியா மாநிலத்தில் புதிய ரகத்தை விற்க வேண்டுமென்றால் 1 மீட்டர் 1 சென்ரிமீட்டர் உயரத்திலிருந்து கொங்கிரீட் மேல் வேறு வேறு பக்கமாகப் போட்டுக் காட்ட வேண்டும். இடுப்பு உயரம்தான் அது. ஆனால் நல்ல துப்பாக்கி விழும்போது அதைக் காற்றிலேயே பிடிக்கப் போகக் கூடாது. பிடிக்கப் போகிற விரல் விசைக்குள் நுழைந்துவிடும். விழ விடுங்கள்.

இப்போது நம் குளிருக்கு வருவோம். நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ வேலை என்றால் ஜெக்கட் இல்லாமல் முடியாது. ஜெக்கட்டின் அடியில் இறுக்கிக் கட்ட ஒரு நாடா, அதன் முனையில் பிளாஸ்டிக் குமிழ். துப்பாக்கியை உறைக்குள் தள்ளும்போது அந்தக் குமிழ் விசை வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால், நாம் கீழே தள்ளத் தள்ள அது விசையை இழுக்கும். வாய் நம் தொடையைப் பார்த்திருக்கும். இப்படி நடந்த விபத்துகள் உண்மையிலேயே உண்டு. நாடாவை வெட்டி எறிந்துவிட்டு வேலைக்குப் போங்கள். தோல் உறையும் அப்படித்தான், நனைந்து காய்ந்து நனைந்து தளர்ந்துபோனால் வாய்ப்பக்க விளிம்பு உள்ளே மடியும், அந்த மடிப்பே விரலாகிவிடும். தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும், ஒரு வார மூடுபனிக்குள் துரு தெரிய ஆரம்பிக்கும். விசை வளையத்தை முழுதாக மூடுகிற கெட்டியான உறைதான் க்ளொக் வகைக்குப் பாதி சேஃப்டி என்பேன். சுத்தியல் வெளியே தெரிகிற துப்பாக்கிக்கு ஒரு நன்மை உண்டு: உறைக்குள் விடும்போது கட்டைவிரலைச் சுத்தியல் மேல் வைத்தால், விசையில் எதுவும் மாட்டியிருந்தால் சுத்தியல் எழும்புவது விரலுக்கே தெரியும். எப்படியானாலும் உறைக்குள் விடுவதற்கு அவசரமே கிடையாது. எடுக்கும்போதுதான் அவசரம் இருக்கலாம்.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்ச ரவை சுட்டுப் பழகும் காவலாளிக்கு, பொத்தான் எதுவும் நினைவில் வைக்கத் தேவையில்லாத, உள்ளே தடை உள்ள ரிவோல்வரே நல்லது. பார்வைக்குப் பழசுதான். ஆறு ரவைதான், இழுவை கனம்தான், குறி தவறும்தான். ஆனால் உருளையை வெளியே சாய்த்தால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஒழுங்காக மாதாமாதம் பழகுகிறவருக்கு க்ளொக் வகை. நெம்பு உள்ள பிஸ்டலைப் பழகாத ஆளிடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது தவறு, ரவை இல்லை என்று நம்புவது. பிஸ்டலில் மெகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது. சேம்பரில் ஏறிய ரவை அங்கேயே இருக்கும். இது தெரியாமல் உலகில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள். 1935இல் வந்த பிரவுனிங் ஹை பவரில் மெகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடை வைத்தார்கள். க்ளொக்கில் அது இல்லை. இன்னும் மோசம், துடைப்பதற்காகக் க்ளொக்கைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் விசையை இழுத்தாக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் இழுத்தால் கதை முடிந்தது. சேம்பரில் ரவை இருந்தால் வால்தரில் பின்பக்கம் ஒரு சின்னக் கம்பி வெளியே நீட்டும், வேறு சிலவற்றில் வெற்றுக்கோதை இழுத்தெடுக்கும் கொக்கி சற்று வெளியே தள்ளி நிற்கும். இருட்டில் தடவித் தெரிந்துகொள்ள உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

ஷிப்ட் மாறும்போது துப்பாக்கியைக் கொடுக்கும் முறை இதனால்தான் முக்கியம். வாய் ஆளில்லாத பக்கம், மண்ணோ மணல் மூட்டையோ உள்ள பக்கம். விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடம்போடு நீட்டியபடி. முதலில் மெகசினை வெளியே எடுத்து அப்பால் வையுங்கள். அப்புறம்தான் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால், அதாவது மெகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால், பழைய ரவை வெளியே விழும், புதியது உள்ளே ஏறும். அதற்கப்புறம் மெகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நிம்மதியாக இருப்பவரிடம் இருப்பது நிரம்பிய துப்பாக்கி. ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, சேம்பருக்குள் பாருங்கள், சின்ன விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். வாங்குகிறவரும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். "நான் இப்பதான் பார்த்தேன் அண்ணே" என்று சொன்னால் கோபிக்காமல் மறுபடி பாருங்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போவது பற்றி: கம்பெனித் துப்பாக்கி கம்பெனி அலுமாரியிலேயே பூட்டிக் கிடக்கட்டும். தனியாள் கைத்துப்பாக்கி வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சுதான் கொடுக்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 2024 நவம்பரில் தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது நினைவிருக்கும். அப்படி அனுமதி உள்ளவர் வீட்டிலும் பூட்டிய இரும்புப் பெட்டி, ரவைக்கு வேறு பெட்டி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒளித்து வைப்பதெல்லாம் ஒளிப்பதே ஆகாது, பிள்ளைகளுக்குத் தெரியாத மூலை அங்கே ஏது? கனமான விசை பிள்ளையைத் தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஒரு விரலால் முடியாததைச் சின்னப் பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்திச் செய்துவிடும், அப்போது வாய் அதன் முகத்தைப் பார்த்திருக்கும்.

இன்னொன்று, பயிற்சியில் பலர் சொல்லிக் கொடுக்காமல் விடுவது. ஷிப்ட் முடிந்து சேம்பரிலிருந்து எடுத்த ரவையை அடுத்த நாளும் அதே மெகசினின் உச்சியில் வைத்து ஏற்றுவார்கள். ஒரே ரவை தினமும் ஏறி இறங்கினால், ஒவ்வொரு தடவையும் அதன் மூக்கு குழாயின் பின்பக்க விளிம்பில் இடித்து, குண்டு கோதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். உள்ளே இடம் குறையக் குறையச் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வேறு புது ரவை ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் அதைத் தனியாக எடுத்து, பொறுப்பான உத்தியோகத்தரிடம் கொடுத்துப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.